துளையில்தான் சூட்சுமம்: பழைய ஐரோப்பியக் குழல்களும் அவற்றைக் கடைந்தவர்களும்

1696-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகர மன்றத்துக்கு இரண்டு கடைசல்காரர்கள் சேர்ந்து ஒரு மனு கொடுத்தார்கள். ஒருவர் யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர், இன்னொருவர் யோஹான் ஷெல். ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு முன் பிரான்சில் உருவான இசைக்கருவிகளை, முக்கியமாக இரட்டைச் சீவாளி வைத்து ஊதும் ஓபோவையும், நேராகப் பிடித்து ஊதும் குழலான ரெக்கார்டரையும், தாங்களும் செய்து விற்க அனுமதி வேண்டும், தங்களை மாஸ்டர்களாக, அதாவது தொழிலில் முழுத் தகுதி பெற்ற கைவினைஞர்களாக, அங்கீகரிக்க வேண்டும் என்பது கோரிக்கை. அடுத்த ஆண்டே அனுமதி கிடைத்தது.

ஒரு குழல் செய்வதற்கு நகர மன்றத்தின் அனுமதி எதற்கு என்று தோன்றலாம். நியூரம்பெர்க்கில் எந்தக் கைவினைஞர் எதைச் செய்யலாம், எத்தனை பேர் மாஸ்டர் ஆகலாம் என்பதையெல்லாம் மன்றம் நேரடியாகத் தன் கையில் வைத்திருந்தது. டென்னரின் அப்பா ஹைன்ரிஷ், வேட்டைக்காரர்களுக்கான கொம்புகளும், பறவைகளையும் மிருகங்களையும் ஏமாற்றி அழைக்கும் ஊதல்களும் கடைந்து பிழைத்தவர். 1666-இல் குடும்பம் லைப்சிக்கிலிருந்து நியூரம்பெர்க்குக்குக் குடிபெயர்ந்தது. மகனும் அதே தொழிலில்தான் வளர்ந்தார். அந்தத் தொழிலுக்குள் நின்றுகொண்டு "இனி நான் அரண்மனை இசைக்கான கருவி செய்யப்போகிறேன்" என்று சொல்வது லேசான விஷயம் இல்லை.

அப்படி என்ன புதுமை பிரான்சிலிருந்து வந்தது? நார்மண்டிப் பகுதியில் லா கூத்யூர்-பூசே என்று ஒரு கிராமம். அங்கே மரக்கடைசல் குலத்தொழில்போல நடந்தது. அந்த ஊரிலிருந்து பாரிசுக்குப் போன ஹொத்தெத்தேர் குடும்பத்தார் கருவி செய்பவர்கள் மட்டும் இல்லை, பதினான்காம் லூயியின் அரசவையில் அவற்றை வாசித்தவர்களும்கூட. அதுவரை ஐரோப்பாவில் இருந்த ஷாம் என்ற கருவி, இரட்டைச் சீவாளியும் விரிந்துகொண்டே போகும் துளையும் கொண்டது. நம் நாகஸ்வரத்துக்குத் தூரத்து உறவு என்றே அதைச் சொல்லலாம். வீதியிலும் கோட்டை மதிலிலும் வாசிக்க ஏற்ற பெரிய ஓசை. அறைக்குள் வயலினோடு சேர்ந்து வாசிக்க அது ஒத்துவராது. 17ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பிரான்சின் வினைஞர்கள் அந்த ஓசையை அடக்கி, மென்மைப்படுத்தி, ஏற்ற இறக்கத்தோடு பேசவைத்தார்கள். அதுதான் ஓபோ. ரெக்கார்டரும் புல்லாங்குழலும் அதே காலத்தில் அதே விதமாக மாறின.

இந்த மாற்றத்தின் அடிப்படை வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணமாகத் தெரியும். அதுவரை குழல்கள் பெரும்பாலும் ஒரே நீளக் கட்டையில் கடையப்பட்டன. புதிய முறையில் குழல் மூன்று துண்டுகளாகப் பிரிந்தது. ஒன்றின் முனை இன்னொன்றுக்குள் செருகிக்கொள்ளும், செருகும் இடத்தில் நூல் சுற்றியிருக்கும். அந்த மூட்டுகள் பலவீனமாகத் தெரியாமல் இருக்க வெளியே தடித்த வளையங்களாகக் கடைந்தார்கள், சிலர் தந்தப் பூண் போட்டார்கள். இன்று அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் நாம் ரசிக்கும் அந்த அழகான முடிச்சுகள் எல்லாம் இந்தத் தேவையால் பிறந்தவை.

ஆனால் துண்டாக்கியதன் உண்மையான பயன் உள்ளே இருக்கிறது. நீளமான ஒரே கட்டைக்குள் துளையின் வடிவத்தைத் துல்லியமாக மாற்றிக்கொண்டே போவது மிகக் கடினம். குட்டையான துண்டு என்றால் இரு முனையிலிருந்தும் கருவியை உள்ளே விடலாம், எந்த இடத்தில் எவ்வளவு சுரண்டவேண்டுமோ அவ்வளவு சுரண்டலாம். ரெக்கார்டரின் துளை வாயிலிருந்து அடிவரை குறுகிக்கொண்டே போகும். அக்காலப் புல்லாங்குழலுக்குத் தலைப்பகுதி நேர்க்குழாய், உடல்பகுதி குறுகிப் போகும். ஓபோவுக்கு எதிர்மாறு, கீழே போகப்போக விரியும். ஆனால் இந்தக் குறுகலும் விரிவும் ஒரே சீரான சரிவு இல்லை. ஓரிடத்தில் கொஞ்சம் வேகமாக, ஓரிடத்தில் கிட்டத்தட்ட நேராக, இன்னோரிடத்தில் மெல்லிய படிபோல. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மாறினாலே ஒரு சுரம் தடுமாறும், கீழ் ஸ்தாயி பலவீனமாகும், மேல் ஸ்தாயி பேச மறுக்கும்.

இந்தச் சரிவுகளைச் செதுக்கிய கருவிக்கு ரீமர் என்று பெயர். நீண்ட, மெலிந்து போகும் எஃகுக் கத்தி. கடையில் வாங்கும் பொருள் அல்ல அது, ஒவ்வொரு பட்டறையும் தனக்கென்று செய்துகொண்டது. ஒரு துளைக்கு ஒரே ரீமர் என்றும் இல்லை. பலவற்றை வெவ்வேறு ஆழத்துக்குச் செலுத்தி ஒரு பட்டறை தன் நாதத்தை உண்டாக்கியது. ஆக, ஒரு குழல் வினைஞரின் அத்தனை அறிவும் அந்தச் சில எஃகுத் துண்டுகளில் இருந்தது. பட்டறை மூடியபோது அவை பெரும்பாலும் பழைய இரும்பாகப் போய்விட்டன. குழல்கள் தப்பின, அவற்றைத் துளைத்த கருவிகள் அபூர்வமாகவே தப்பின. பழைய குழல்களைப் பற்றிய இன்றைய சிக்கல் எல்லாம் இந்த இழப்பிலிருந்துதான் கிளம்புகிறது என்பது என் எண்ணம்.

விரல்துளைகளிலும் இதே கதை. வெளியே சின்ன வட்டம் தெரியும். உள்ளே போகப்போக அதை அகலமாகச் சரித்துச் செதுக்கியிருப்பார்கள். விரல் படும் இடத்தின் அளவை மாற்றாமலே சுரத்தை உயர்த்தவும் நாதத்தைத் திறக்கவும் இது உதவியது. ரெக்கார்டர் என்றால் கூடுதலாக ஒன்று உண்டு. வாய் வைக்கும் இடத்தில் செருகப்பட்ட அடைப்புக் கட்டை பெரும்பாலும் சீடர் மரத்தால் ஆனது. அதற்கும் மேல்சுவருக்கும் நடுவில் காற்று போகும் மெல்லிய பாதையில்தான் கருவியின் குரலே பிறக்கிறது.

மரம் என்றால் பெரும்பாலும் பாக்ஸ்வுட். மஞ்சள் நிறம், நெருக்கமான இழை, தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவு கனம். மிக மெதுவாக வளரும் என்பதால் பருத்த கட்டை கிடைப்பது அரிது. வெட்டிய மரத்தைப் பல ஆண்டுகள் காயப்போட்டு வைத்தார்கள். கடைந்தபின் நைட்ரிக் அமிலம் பூசிப் பழுப்பு நிறம் ஏற்றுவது வழக்கம். உள்ளே ஆளிவிதை எண்ணெய் போன்றவற்றை ஊறவிட்டார்கள், மூச்சின் ஈரம் மரத்துக்குள் இறங்காமல் இருக்க. தந்தத்தாலேயே முழுக்குழல் செய்ததும் உண்டு. பணக்காரர் வீட்டுக்கான கருவிகள் அவை.

நியூரம்பெர்க்குக்குத் திரும்புவோம். டென்னர் பிரெஞ்சுக் கருவிகளைப் பார்த்துச் செய்ததோடு நின்றிருந்தால் இன்று அவரை வல்லுநர்கள் மட்டுமே அறிந்திருப்பார்கள். 1730-இல் நியூரம்பெர்க்கின் கணித அறிஞர்களையும் கலைஞர்களையும் பற்றி யோஹான் காப்ரியேல் டொப்பல்மாயர் ஒரு நூல் வெளியிட்டார். அதில் டென்னர் அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுவகைக் குழல் ஒன்றைக் கண்டுபிடித்தார், அதன் பெயர் கிளாரினெட் என்று எழுதினார். டென்னர் 1707-இல் காலமாகிவிட்டார். கிளாரினெட் பற்றிய முதல் எழுத்துச் சான்று அதற்குப் பிறகு, 1710-இல், அவர் மகன் யாக்கோப் டென்னர் கிரான்ஸ்ஃபெல்ட் கோமகனுக்கு அனுப்பிய கருவிகளின் பட்டியலில் வருகிறது. அதனால் கண்டுபிடித்தவர் அப்பாவா மகனா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. டென்னர் பட்டறை என்று சொல்வதே நியாயம் என்று எனக்குப் படுகிறது. அந்தப் பட்டறையில் யார் எந்த நாள் எந்தத் துளையை முதலில் போட்டார்கள் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

கிளாரினெட்டை உண்டாக்கிய அந்தத் துளை என்ன செய்தது என்பது அவசியம் தெரிந்துகொள்ளவேண்டியது. அதற்கு முன் சலுமோ என்ற சின்னக் கருவி இருந்தது. ஒற்றைச் சீவாளி, நேர்க்குழாய். ரெக்கார்டரையோ ஓபோவையோ கொஞ்சம் அழுத்தி ஊதினால், அடிச் சட்ஜமத்துக்கு அடுத்து மேல் சட்ஜமம் எழும். அதே விரல்களை மறுபடி வைத்து அடுத்த ஸ்தாயிக்குப் போய்விடலாம். சலுமோவில் அது நடக்காது. ஒரு முனை சீவாளியால் மூடிய நேர்க்குழாயில் இரண்டு மடங்கு அதிர்வு எழுவதில்லை, அடுத்தது மூன்று மடங்குதான். அதாவது சட்ஜமத்துக்கு மேலே நேராக மேல் ஸ்தாயிப் பஞ்சமத்துக்குத் தாவும். அந்தத் தாவலும் சலுமோவில் சரியாக வராது என்பதால், பதினொன்று பன்னிரண்டு சுரங்களோடு கருவி நின்றுவிட்டது.

டென்னர் பட்டறை குழலின் மேற்பகுதியில் ஒரு சிறு துளையைப் போட்டு, அதைப் பித்தளைக் கீ ஒன்றால், அதாவது விரலால் அழுத்தி இயக்கும் மூடியால், மூடித் திறக்கச் செய்தது. அதைத் திறந்தவுடன் குழல் சட்டென்று மேலே தாவிப் பேசியது. சட்ஜமத்துக்கும் மேல் பஞ்சமத்துக்கும் நடுவே விழும் இடைவெளியை நிரப்ப இன்னொரு கீ. இரண்டே இரண்டு கீ, ஒரு சிறு கருவிக்கு இரு மடங்குக்கும் மேலான சுரங்கள் கிடைத்தன. ஆரம்பத்தில் அதன் மேல் ஸ்தாயிதான் நன்றாக ஒலித்தது, கீழ்ப்பகுதி மங்கலாக இருந்தது. கீழ்ப்பகுதியின் அந்த இருண்ட இனிமையைக் கேட்டு இசையமைப்பாளர்கள் மயங்கியது பின்னாலேதான்.

இந்தக் கருவிதான் நூற்றைம்பது ஆண்டு கழித்து, நிறையக் கீக்களோடு, தஞ்சாவூர்ப் பக்கம் சதிர்க் கச்சேரியில் முகவீணை என்ற சிறு குழல் இருந்த இடத்தைப் பிடித்தது. பிறகு ஏ.கே.சி. நடராஜன் அதைத் தனிக் கச்சேரி மேடையில் நிறுத்தினார்.

கருவியில் குத்திய முத்திரையைப் பற்றியும் சொல்லவேண்டும். டென்னர் தன் பெயரை முத்திரையாகப் பதித்தார். நியூரம்பெர்க்கில் முத்திரை என்பது அலங்காரம் இல்லை, தொழில் உரிமை. வாங்குபவருக்கு அது தரச் சான்று, போட்டியாளருக்கு எச்சரிக்கை. யாக்கோப் தனக்கென்று வேறு முத்திரை வைத்துக்கொண்டார். ஆனால் இன்னொரு மகன் யோஹான் டாவிட், அப்பாவின் முத்திரையையே தொடர்ந்து பயன்படுத்தினார் என்று கருதப்படுகிறது. எனவே பெரிய டென்னரின் முத்திரை இருப்பதாலேயே ஒரு குழல் 1707-க்கு முந்தியது என்று சொல்லிவிட முடியாது. ஏலக்கூடத்தில் முத்திரையைப் பார்த்து விலை ஏறும். கருவியை அறிந்தவர்கள் முத்திரையை ஒதுக்கிவைத்துத் துளையைத்தான் பார்க்கிறார்கள்.

பிரெஞ்சுக் கைத்திறன் லண்டனுக்கும் போனது. பூர்-கான்-பிரெஸ் ஊரில் 1663-இல் பிறந்த பியர் ஜையார், ஊர்ப் பெயரை ஒட்டிப் பிரெஸ்ஸான் என்று அழைக்கப்பட்டார். 1688-இல் இங்கிலாந்து போய் 1731-இல் இறக்கும்வரை அவர் செய்த ரெக்கார்டர்களை இன்றும் உச்சத்தில் வைக்கிறார்கள். கூடவே ஸ்டேன்ஸ்பி என்ற பெயருள்ள அப்பாவும் மகனும். இவர்கள் காலம் முடிந்த கொஞ்ச நாளிலேயே ரெக்கார்டரின் காலமும் முடிந்தது. கூட்டிசையின் அளவு பெருகியது, மண்டபம் பெரிதானது, ரெக்கார்டரின் மெல்லிய குரல் எடுபடவில்லை. குறுக்கே பிடித்து ஊதும் புல்லாங்குழல் அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. அப்புறம் 19ஆம் நூற்றாண்டில் கீக்கள் பெருகின. மியூனிக்கின் தியோபால்ட் போம் 1832-இலும் 1847-இலும் புல்லாங்குழலையே அடியோடு மாற்றி வடிவமைத்தார். பாக்ஸ்வுட் போய் ஆப்பிரிக்கக் கருமரம் வந்தது. பழைய குழல்கள் பரணுக்குப் போயின.

எவ்வளவு தூரம் மறந்துபோனார்கள் என்பதற்கு இங்கிலாந்தின் செஸ்டர் நகரம் ஒரு சாட்சி. 1886-இல் அங்கே பிரெஸ்ஸான் செய்த நான்கு ரெக்கார்டர்கள் ஒரே தொகுதியாகக் கிடைத்தன. இன்று அவை அந்த ஊரின் கிராவனர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கிடைத்தபோது அவற்றை முறையாக எப்படி விரல் வைத்து வாசிப்பது என்று தெரிந்தவர்கள் அநேகமாக இல்லை. நூற்றைம்பது ஆண்டில் ஒரு வாசிப்பு மரபே அறுந்துவிட்டது.

அறுந்ததை முடிய முயன்றவர்களில் முதன்மையானவர் ஆர்னல்ட் டோல்மெட்ச். 1905-இல் லண்டன் ஏலத்தில் ஒரு பிரெஸ்ஸான் ரெக்கார்டரை வாங்கி, தானே முயன்று வாசிக்கக் கற்றுக்கொண்டார். 1919-இல் வாட்டர்லூ ரயில் நிலைய நடைமேடையில் அந்தக் கருவி இருந்த பை தவறிப்போனது. பையை விட்டுவிட்டு வந்தது அவருடைய சின்ன மகன் கார்ல். கருவி போனாலும் அதன் அளவுகளை டோல்மெட்ச் குறித்து வைத்திருந்தார். அந்தக் குறிப்பை வைத்துத் தானே ஒன்று செய்யத் தொடங்கினார். ரெக்கார்டர் மறுபடி பட்டறையில் பிறந்தது அப்படித்தான். அந்த விபத்து நடந்திராவிட்டால் அவர் பழையதையே வாசித்துக்கொண்டு இருந்திருக்கலாம். தொலைத்த அதே கார்ல் பின்னாளில் பெயர்பெற்ற ரெக்கார்டர் கலைஞர் ஆனார்.

டோல்மெட்சுக்குப் பின் வந்தவர்கள் இன்னும் நுணுக்கமாக அளந்தார்கள். ஃபிரீட்ரிஷ் ஃபான் ஹூனே பாஸ்டனில் பட்டறை வைத்துக்கொண்டு, ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் உள்ள குழல்களை ஒவ்வொன்றாக அளந்தார். ஆஸ்திரேலியாவின் ஃபிரெட் மோர்கன், டச்சுக் கலைஞர் ஃபிரான்ஸ் புரூகன் சேர்த்துவைத்த பழைய ரெக்கார்டர்களை வரைபடமாக்கி வெளியிட்டார். இந்த வேலைகள் நேரே நம் பிள்ளைகளின் கைக்கே வந்திருக்கின்றன. ஜப்பானின் ஜென்-ஆன் நிறுவனம் விற்கும் பிளாஸ்டிக் ஆல்ட்டோ (நடுத்தர அளவு) ரெக்கார்டர் ஒன்று, ஃபான் ஹூனே பிரெஸ்ஸானைப் பின்பற்றி வடிவமைத்தது. 300 ஆண்டுக்கு முன் லண்டனில் ஒருவர் ரீமரால் சுரண்டிய சரிவு, அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் நல்ல குரலோடு பேசுகிறது. மலிவான கருவி என்று அதை ஒதுக்குபவர்கள் உள்ளே இருப்பதைக் கவனிக்கவேண்டும்.

சரி, அளந்துவிட்டால் போதுமா? இங்கேதான் சிக்கல். மரம் நீளவாக்கில் அதிகம் சுருங்காது, குறுக்கே சுருங்கும். குறுக்கிலும் எல்லாத் திசையிலும் ஒரே அளவு அல்ல; ஆண்டு வளையத்தின் போக்கில் அதிகம், ஆரத்தின் போக்கில் குறைவு. 300 ஆண்டில் வட்டமாக இருந்த துளை நீள்வட்டமாகிவிடுகிறது. ஒரு பக்கம் அளந்தால் ஒரு எண், கால் திருப்பு திருப்பி அளந்தால் வேறு எண். செருகும் முனைகளில் இன்னும் மோசம். சுற்றிய நூல் தலைமுறை தலைமுறையாக மெல்லிய மரத்தை அழுத்தி, உள்ளே துளையை நெரித்திருக்கும். ரெக்கார்டரின் அடைப்புக் கட்டை பல கருவிகளில் அசல் இல்லை, யாரோ பின்னால் மாற்றியது.

சுருதியும் இடம் மாறிக்கொண்டே இருந்தது. இன்று உலகத் தரம் வினாடிக்கு 440 அதிர்வு என்று வைத்திருக்கும் சுரம், அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் வேறு. பிரெஞ்சுக் கருவிகள் 392-ஐ ஒட்டி, ஒரு முழுச் சுரம் தாழ்ந்தே ஒலித்தன. பிற்காலத்தில் சுருதி ஏறியபோது, பழைய கருவியை வீசிவிட மனம் இல்லாதவர்கள் அதன் துண்டுகளை வெட்டிக் குறுக்கினார்கள், விரல்துளைகளைப் பெரிதாக்கினார்கள். நல்ல கருவிகளுக்குத்தான் இந்தக் கதி அதிகம் நேர்ந்தது, ஏனென்றால் அவற்றைத்தான் தொடர்ந்து வாசித்தார்கள். யாரும் தொடாத கருவி மாறாமல் கிடைக்கிறது. அது நல்ல கருவி என்பதாலா, வாசிக்க லாயக்கில்லை என்று ஒதுக்கிவிட்டதாலா என்ற சந்தேகம் எப்போதும் உண்டு.

அருங்காட்சியகங்களில் இவற்றை வாசிக்க விடலாமா என்ற சண்டை பழையது. மூச்சின் ஈரமும் வெப்பமும் காய்ந்த மரத்துக்குள் போனால் உட்பக்கம் ஊதும், வெளிப்பக்கம் ஈடுகொடுக்காது, மரம் வெடிக்கும். அதனால் பெரும்பாலான காப்பாளர்கள் தடுத்துவிடுகிறார்கள். இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நின்றவர் ஃபிலிப் பேட். அவர் தன் காற்றுக்கருவித் தொகுப்பை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தபோது, அது மாணவர்கள் கற்பதற்குப் பயன்படவேண்டும், அதற்கென்று ஒரு வல்லுநர் காப்பாளர் இருக்கவேண்டும் என்று நிபந்தனை வைத்தார். நான் பேட் பக்கம் சாய்கிறேன், ஆனால் முழுவதும் இல்லை. கச்சேரிக்கு அசலை எடுத்துப்போவது தேவையற்ற ஆபத்து. பிரதி செய்யப்போகும் வினைஞர் ஒரு முறையாவது சில நிமிடம் அசலை வாயில் வைக்கவேண்டும். டென்னரும் ஹொத்தெத்தேர் குடும்பத்தாரும் தாங்களே வாசித்தவர்கள். சீவாளியில் கேட்டுவிட்டுக் கடைசலுக்குப் போய், கொஞ்சம் சுரண்டிவிட்டு மறுபடி கேட்டவர்கள். அவர்கள் செய்ததை எண்களாக மட்டும் வாங்கிக்கொண்டு செய்தால் அதில் பாதிதான் வரும். இப்போது சி.டி. ஸ்கேனில் துளையை மரத்தைத் தொடாமலே முழுதும் படமெடுக்க முடிகிறது. நல்லதுதான், ஆனால் அதுவும் இன்றைய நெளிந்த துளையைத்தான் காட்டும். அன்றைய துளையை மனிதர்தான் ஊகிக்கவேண்டும்.

கோபன்ஹேகனில் யாக்கோப் டென்னர் செய்த ஆல்ட்டோ ரெக்கார்டர் ஒன்று இருக்கிறது. இன்றைய பட்டறைகள் மிக அதிகமாகப் பிரதி எடுக்கும் கருவிகளில் அது ஒன்று. ஒரு வினைஞர் நீள்வட்டத்தின் பெரிய விட்டத்தை அசல் என்று கொள்வார், இன்னொருவர் சராசரியை எடுப்பார். ஒருவர் இன்றைய வழக்கப்படி 415 சுருதிக்கு நீளத்தைக் கூட்டுவார் அல்லது குறைப்பார், ஒருவர் 440-க்குச் சுருக்குவார், நீளம் மாறும்போது சரிவை எங்கே மாற்றுவது என்று தானாக முடிவெடுப்பார். காற்றுப் பாதையை ஒவ்வொருவரும் தன் காதுக்கு ஏற்பச் செதுக்குவார்கள். இப்படி உருவான இரண்டு "டென்னர்"களைப் பக்கத்தில் வைத்து ஊதினால், ஒன்று கீழ்ச் சுரங்களில் நிறைந்து பேசும், இன்னொன்று மேலே லேசாக ஏறும். வாங்க வருபவர்கள் இதனால்தான் பெயரைக் கேட்டதோடு நிற்காமல், யார் பட்டறை என்று அடுத்த கேள்வியைக் கேட்கிறார்கள்.